இருபத்திரண்டாம் எண் மரத்தின் நன்னடத்தை

நகர மரப் பராமரிப்பு வாரியத்தில் பூச்சி எண்ணுவதற்கென்று ஒரு பணியிடம் இருந்தது. அதை யார் உருவாக்கினார்கள், எதற்காக உருவாக்கினார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. ஆனால் பணியிடம் என்று ஒன்று இருந்தால் அதில் ஆள் இருந்தாக வேண்டும் என்பதால், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண்ணை அதில் நியமித்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அலுவலகத்தில் எல்லாரும் பூச்சிக்காரம்மா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால், பதிவேட்டுப் பெயரைச் சொன்னால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த பழைய பூங்காதான் அவளுடைய பணியிடம். அங்கே அறுபத்து மூன்று மரங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு மரத்தடியிலும் வெள்ளைத் துணியை விரித்து, கிளையைத் தடியால் மூன்று தட்டு தட்டி, துணியில் விழுந்ததை எண்ணி எழுதுவாள். அவ்வளவுதான் வேலை. எழுதியதை யாரும் படிப்பதில்லை என்பதால் பதினெட்டு ஆண்டுகளும் நிம்மதியாகவே கழிந்தன.

அறுபத்து மூன்றும் ஒரே இனம். பெயர்ப் பலகையிலும் ஒரே பெயர். ஆனால் எல்லாமே விதை விழுந்து முளைத்தவை. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று அப்பா ஜாடையாகவும் ஒன்று யார் ஜாடையென்றே தெரியாமலும் இருப்பதுபோல் அவை இருந்தன. ஒன்பதாம் மரத்தின் இலை மெத்தென்றிருக்கும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டு கிடக்கும். பதினான்கின் இலை வாயில் வைக்க முடியாத கசப்பு. ஒரே ஒரு கூன்வண்டு மட்டும் அதை ருசியென்று நினைத்தது. பதினைந்து மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு இரண்டு வாரம் முன்பே துளிர்த்துவிடும். முப்பத்தொன்றின் பட்டை வெடித்து வெடித்து இருக்கும். அந்த வெடிப்புகளில் சிலந்தியும், மிளகில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்புக் குளவியும் குடித்தனம் நடத்தின. ஆகவே அவளுடைய பட்டியலில் அறுபத்து மூன்று பத்திகள் இருந்தன, ஒன்றுகூட இன்னொன்றைப்போல் இல்லை.

அந்த ஆண்டு வாரியத்துக்குப் புதிய தலைவர் வந்தார். அதற்குமுன் எடைக்கற்களுக்கு முத்திரை போடும் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவர். ஒரு கிலோ என்றால் எந்தக் கடையிலும் ஒரு கிலோதான் என்பதை நிலைநாட்டிய கையோடு மரங்களிடம் வந்திருந்தார். வந்த மூன்றாம் நாள், எந்தத் தலைவரும் செய்யாத ஒன்றைச் செய்தார். பூச்சிப் பட்டியலைப் படித்தார்.

மறுநாள் கண்காணிப்பாளர் பூச்சிக்காரம்மாவின் மேஜைக்கு ஒரு மெமோவோடு வந்தார். கண்காணிப்பாளர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டியிருக்குமோ என்ற பயமும் ஒரு காரணம். மெமோவில் மூன்று கேள்விகள் இருந்தன. ஒரே இன மரங்களில் வெவ்வேறு பூச்சிகள் இருப்பதற்குத் தாங்கள் பொறுப்பா? ஆம் எனில், ஏன்? இல்லை எனில், யார்?

அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவனிடம் காட்டினாள். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். தினமும் நாற்பது பிள்ளைகளின் சண்டையைப் பஞ்சாயத்து செய்பவன் என்பதால் அதிகாரிகள் விஷயத்திலும் அவனுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"உண்மையையே எழுது. ஆனா ரெண்டே வரியில எழுது," என்றான். "நீளமா எழுதினா பொய்ன்னு நினைப்பாங்க."

அவள் நான்கு பக்கம் எழுதினாள். மரம் ஒரே இனமானாலும் பிறவியிலேயே ஒவ்வொன்றும் வேறு. இலையின் கசப்பு, தடிப்பு, துளிர்க்கும் காலம் எல்லாமே வேறு. பூச்சிகள் அதைப் பார்த்துத்தான் வீடு பிடிக்கின்றன. அந்தப் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகளும் அப்படியே என்று விளக்கினாள். நான்கு பக்கம் இருந்ததால் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

ஐந்து பேர் கொண்ட குழு, நீளமான மேஜை. பதினான்காம் மரத்துக்கும் பதினைந்தாம் மரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தலைவர் கேட்டார். ஆறடி என்றாள். ஆறடி தள்ளியிருக்கும் ஒரே இன மரத்துக்கு ஒரு பூச்சி போகாததற்கு நிர்வாகரீதியான காரணம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இலை கசக்கும் என்றாள். கசக்கும் என்பது பூச்சிக்கு எப்படித் தெரியும் என்றார் ஓர் உறுப்பினர். தின்று பார்த்தால் தெரியும் என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. பையிலிருந்து இரண்டு கிளைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் முதலில் பதினைந்தின் இலையை மென்றார். ஒன்றுமில்லை, வெறும் புல் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு பதினான்கின் இலையை மென்றார். அவருடைய கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மற்ற நால்வரும் தலைவர் மென்றபின் மெல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால் மென்றார்கள். சற்று நேரம் அறையில் இருமல் மட்டும்தான் கேட்டது.

கூட்டக் குறிப்பில் இப்படி எழுதப்பட்டது: "குழு இலைகளை உரியவாறு உட்கொண்டது. சுவை என்பது தனிநபர் அபிப்பிராயம்; விதிகளில் அதற்கு இடமில்லை. பின்னர் தேநீர் வழங்கப்பட்டது."

அன்றே ஒரு திட்டமும் பிறந்தது. நகரமெங்கும் ஒரே மரம், ஒரே உயரம், ஒரே நிழல். பழைய பூங்காவிலிருந்து மிகச் சிறந்த ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கிளைகளை வெட்டி நட்டு, அதே மரத்தை இரண்டாயிரத்து நானூறாக ஆக்குவது. விதை வேண்டாம், விதை என்ன செய்யும் என்று யாராலும் உத்தரவாதம் சொல்ல முடியாது. எஞ்சிய அறுபத்திரண்டையும் வெட்டிவிடுவது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்கக் கூடாது.

சிறந்த மரம் எது என்பதற்கு அளவுகோல், பூச்சி குறைவாக இருப்பது. பதினெட்டு ஆண்டுகளில் முதல்முறையாக அவளுடைய பட்டியல் பயன்பட்டது. இருபத்திரண்டாம் எண் மரம் தேர்வானது. நேரான மரம், பளபளப்பான இலை. மாதாமாதம் தட்டினால் இலைச்சுருட்டுப் புழு இரண்டோ மூன்றோ விழும். வேறு எதுவும் விழாது. தலைவர் அதற்கு நன்னடத்தைச் சான்றிதழ் தயாரிக்கச் சொன்னார். கண்ணாடிச் சட்டம் போட்டு மரத்திலேயே மாட்டினார்கள்.

அவள் அனுமதி கேட்காமலே தலைவரின் அறைக்குள் போனாள். அப்படிப் போனது அதுதான் முதல்முறை.

"ஐயா, அந்த மரத்துல இருக்கிற புழு ரெண்டு மூணோட நிக்குதுன்னா, அது மரத்தோட சாமர்த்தியம் இல்லைங்க. சுத்தி இருக்கிற மரங்கள்ல இருந்து கறுப்புக் குளவி வந்து அந்தப் புழு மேல முட்டை வெச்சு அதை முடிச்சிடுது. அந்தக் குளவிக்கு ஒன்பதாம் மரத்து அசுவினி கசியவிடுற தேன்பால் வேணும், முப்பத்தொண்ணோட பட்டை வேணும். மத்த மரமெல்லாம் போயிட்டா அதுவும் போயிடும். அப்புறம் இந்தப் புழுவைக் கேக்க ஆளே இருக்காது."

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "ஆக, இருபத்திரண்டு நல்ல மரம். சகவாசம்தான் சரியில்லை. அதைத்தானேம்மா நானும் சொல்றேன்?" என்றார்.

வெட்டுகிற நாளில் அவளையும் பூங்காவில் நிற்கச் சொன்னார்கள். கடைசி எண்ணிக்கை வேண்டுமாம். துணியை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். தடியால் தட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு மரம் சாயும்போதும் மழை கொட்டுவதுபோல் கொட்டின. வண்டுகள், தத்துப்பூச்சிகள், சிலந்திகள், இறக்கை முளைக்காத குஞ்சுகள். துணியில் விழுந்தவை எங்கே போவதென்று தெரியாமல் அவளுடைய செருப்பின் மேல் ஏறின. அவள் எண்ணவில்லை. படிவத்தை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். வெற்றுப் படிவத்தை மேலே அனுப்ப முடியாதென்று கண்காணிப்பாளர் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டார். தலைவர் பூஜ்யங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் "சாதனை" என்று எழுதினார்.

மரங்களைத் தரைமட்டம் வரைதான் வெட்டினார்கள். தரைக்கு மேலே வெட்டுப் பிரிவு. தரைக்குக் கீழே வேர்ப் பிரிவு. வேர்ப் பிரிவுக்குக் கோப்பு போனது. வேர்ப் பிரிவில் கோப்பும் வேர் பிடித்தது.

நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் நாற்றங்கால் அண்ணன் என்பார்கள். அவர் இருபத்திரண்டிலிருந்து இரண்டாயிரத்து நானூறு கிளைகளை வேர்விட வைத்தார். ஓராண்டுக்குள் ஒவ்வொரு தெருவிலும் அதே மரம் வரிசையாக நின்றது. ஒரு வெல்டிங் கடையின் குழாயடியில் நின்ற மரம் மட்டும் தண்ணீர் கிடைத்த தெம்பில் ஒன்றரை அடி கூடுதலாக வளர்ந்துவிட்டது. அதற்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தும் குறையவில்லை என்பதால் தலையை வெட்டினார்கள்.

அவளுடைய வேலையும் சுலபமானது. எல்லாம் ஒரே மரம் என்பதால் ஒரு மரத்தைத் தட்டினால் போதும், விழுந்ததை இரண்டாயிரத்து நானூறால் பெருக்கிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தது. முதலாண்டு மூன்று புழு விழுந்தது. இரண்டாம் ஆண்டு பதினொன்று. மூன்றாம் ஆண்டு நாற்பது. நாற்பதைப் பார்த்ததும் பயந்துபோய் இருபது தெருக்களில் தட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே நாற்பது. குளவி ஒன்றுகூட இல்லை. அவசரம் என்று தலைப்பிட்டு அறிக்கை அனுப்பினாள். எல்லா மரத்திலும் ஒரே எண்ணிக்கை வந்திருப்பது திட்டத்தின் வெற்றியைக் காட்டுகிறது என்று பாராட்டுக் கடிதம் வந்தது. இருபது மரத்தைத் தட்டியது விதிமீறல் என்று அதே கடிதத்தின் பின்பக்கத்தில் எச்சரிக்கையும் இருந்தது.

நான்காம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாயிரத்து நானூறு மரங்களும் ஒரே நாளில் துளிர்த்தன. தலைவர் படம் எடுக்க ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை புழுக்கள் முட்டையிலிருந்து வெளிவந்தன. எந்த மரத்துக்குப் போனாலும் அதே இலை, அதே பதம், அதே ருசி. பந்தியில் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கவே தேவையில்லாத விருந்து அது. ஒன்பது நாளில் நகரத்தில் ஒரு இலைகூட இல்லை. புழுக்கள் நூல் விட்டு மரங்களிலிருந்து தொங்கின; ஜனங்கள் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள்; துணி காயப்போட முடியவில்லை; சட்டைக் காலருக்குள் கையை விட்டுக்கொண்டே பேசினார்கள்.

பத்தாம் நாள் காலையில் அவளுடைய கணவனின் பேருந்து, சாலையில் நசுங்கிக் கிடந்த புழுக்களில் வழுக்கி, தடுப்புச் சுவரில் மோதியது. நாற்பது பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை. அவனுக்கு முழங்கையில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரியில் கட்டோடு உட்கார்ந்திருந்தவன் அவளைப் பார்த்ததும், "உன் ஆளுங்கதான்," என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது என்று எழுதியதோடு நின்றுவிட்டோமே, தெருவில் நின்று கத்தியிருக்கலாமே என்று நினைத்து அழுதாள்.

அன்று மாலை தலைவர் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். குடையைக் கண்காணிப்பாளர் பிடித்திருந்தார்.

"சில பேர் இதைத் தோல்வின்னு சொல்றாங்க. நான் கேக்கிறேன், பாதி மரம் மொட்டையா, பாதி மரம் பச்சையா இருந்தா அது நல்லாவா இருக்கும்? பணக்காரத் தெரு, ஏழைத் தெருன்னு பாக்காம, ஒரு மரத்தைக்கூட விட்டுவெக்காம, எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்திருக்கு. இந்தச் சமத்துவத்தைக் கொண்டுவரத்தான் நான் நாலு வருஷமா பாடுபட்டேன்," என்றார்.

இரண்டாம் முறை துளிர்த்ததையும் புழுக்கள் தின்றன. மூன்றாம் முறை துளிர்க்க மரங்களிடம் தெம்பில்லை. கோடை முடிவதற்குள் எல்லாம் விறகாயின. பூங்காவில் வேலிக்குள் சான்றிதழோடு நின்ற தாய்மரமும் காய்ந்தது. அதன்பின் பொறுப்பாளியைக் கண்டுபிடிக்கும் பணி நடந்தது. புழுக்கள் தொகுப்பாக எண்ணப்பட்டதால் தனித்தனியாகக் கண்காணிக்கப்படாமல் பெருகிவிட்டன என்று தெரியவந்தது. பெருக்கச் சொன்ன சுற்றறிக்கையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. பூச்சிக்காரம்மா தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டாள்.

மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். திட்டத்தைக் கைவிட்டால் திட்டம் தவறு என்று ஆகிவிடும் என்பதால், மீண்டும் அதே இருபத்திரண்டாம் ரகத்தை அதே இரண்டாயிரத்து நானூறு குழிகளில் நட முடிவாகியிருந்தது. கன்றுகள் அனைத்தும் ஒரே ரகம் என்று சான்று தேவை. விதிப்படி அந்தச் சான்றில் பூச்சி எண்ணுபவர்தான் கையெழுத்திட முடியும்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்றே நாற்றங்கால் அண்ணன் வீட்டுக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஆர்டர் வந்திடுச்சும்மா. ஆறு மாசத்துல கன்னு வேணுமாம். தாய்மரம் செத்துப்போச்சுன்னு சொன்னேன். பேப்பர்ல உயிரோடதானே இருக்குன்னு சொல்றாங்க. கிளைக்கு நான் எங்கே போவேன்?"

மறுநாள் காலை இருவரும் பழைய பூங்காவுக்குப் போனார்கள். வேலியைச் சுற்றிப் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. காய்ந்த தாய்மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். அவள் அதைப் பார்க்கவில்லை. புல்லுக்குள் நின்றுகொண்டிருந்தாள். வேர்ப் பிரிவு வராத ஐந்தாண்டுகளில் அடிக்கட்டைகள் தழைத்திருந்தன. ஆளுயரம், ஒன்றரை ஆளுயரம், புதர் புதராக. ஐம்பத்தெட்டு கட்டைகள் உயிரோடிருந்தன. எண் பலகை எதுவும் இல்லை. அவளுக்குத் தேவையும் இல்லை. மெத்தென்ற இலையைத் தடவி, "ஒன்பது," என்றாள். சற்றுத் தள்ளி இன்னொன்றின் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். கசப்பு நாக்கைச் சுருட்டியது. துப்பாமல் விழுங்கினாள்.

கிளை எங்கிருந்து கிடைக்கும் என்பதை அவர்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் கத்தரியை எடுத்தார். அவள் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் சமமாக வெட்டும்படி பார்த்துக்கொண்டாள்.

கன்றுகள் தயாரானதும் சான்றிதழ்ப் படிவம் அவளுடைய மேஜைக்கு வந்தது. கண்டுபிடித்தால் வேலை போகும், ஓய்வூதியம் போகும், அண்ணனுக்கும் போகும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு எறும்பைக்கூடக் கூட்டி எழுதாதவள் என்பது கணவனுக்குத் தெரியும்.

"நீ பொய் எழுதினதே இல்லையே," என்றான்.

"உண்மை எழுதினேன். மெமோ குடுத்தாங்க," என்றாள் அவள். கையெழுத்துப் போட்டாள்.

கண்காணிப்பாளர் நாற்றங்காலுக்கு நேரில் வந்து மேலொப்பம் இட வேண்டும். வந்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்தார். சிவந்த துளிர், பச்சைத் துளிர், இன்னும் துளிர்க்கவே துளிர்க்காதது. அகன்ற இலை, குறுகிய இலை, ரோமம் படர்ந்த இலை. இரண்டு வரிசை நடந்ததும் நின்றார். புழுவுக்கு நடுவே தலைவருக்குக் குடை பிடித்து நின்றவர் அவர்.

"எல்லாம் ஒரே ரகம்தானேம்மா?"

"ஆமாங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டு, தலைவரின் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் மேலே அனுப்பினார்.

கன்றுகள் தெருவுக்குப் போயின. இரண்டாம் ஆண்டு பள்ளிக்கூடத் தெருவில் அவள் ஒரு கிளையைத் தட்டினாள். ஏழு விதமான பூச்சிகள் விழுந்தன. எதிர்ச்சாரியில் தட்டினாள், வேறு ஐந்து. மூன்றாம் ஆண்டு இலைச்சுருட்டுப் புழு சில தெருக்களில் தலைகாட்டியது. பக்கத்து மரத்துக்குப் போனது. அங்கே இலை கசந்தது. அதற்கடுத்த மரம் அப்போதே முற்றித் தோலாகிவிட்டிருந்தது. மிச்சத்தைக் கறுப்புக் குளவிகள் பார்த்துக்கொண்டன. எங்கிருந்து வந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. வீடு கட்டியதும் குடிவந்துவிட்டன. அறிக்கையில் எல்லா மரத்துக்கும் ஒரே எண்ணை எழுதி அனுப்பினாள்.

நான்காம் ஆண்டு தலைவர் ஆய்வுக்கு வந்தார். அவருக்குப் பதவி நீட்டிப்பு கிடைத்திருந்தது. பள்ளிக்கூடத் தெருவில் காரை நிறுத்தி இறங்கினார். எதிரே ஒரு மரம் செக்கச்செவேல் என்று துளிர்த்து நின்றது. அதன் பக்கத்து மரம் அடர் பச்சை. அதற்கடுத்தது இலை உதிர்த்து முடித்திருந்தது. அதற்கும் அடுத்தது கோணலாகத் தெருவுக்குள் எட்டிப் பார்த்தது. தலைவர் நெற்றியைச் சுருக்கினார்.

பூச்சிக்காரம்மா சான்றிதழ் இருந்த கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்காணிப்பாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்றங்கால் அண்ணன் பின்னால் நகர்ந்து மதிலோடு ஒட்டிக்கொண்டார். தலைவர் கையை நீட்டினார். அவள் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். அவர் சான்றிதழைப் படித்தார். மரங்களைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் படித்தார். அடியில் தன்னுடைய கையெழுத்தும் முத்திரையும் இருப்பதைக் கண்டதும் அவருடைய நெற்றி தெளிந்தது.

வரிசையை இன்னொரு முறை, இம்முறை பெருமையோடு, இக்கோடியிலிருந்து அக்கோடிவரை பார்த்தார்.

"எல்லாம் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும்மா," என்றார். "எது எந்த மரம்னு உங்களுக்கே குழம்பிடாதா?"

"கொஞ்சம் கஷ்டம்தாங்க ஐயா," என்றாள் அவள்.